விற்கப்போகும் வீட்டில் எதற்குச் செலவழிப்பது: காணி உறுதியா, கூரையா, மாபிளா, மதிலா?

கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. ஊரில் பழைய வீடு ஒன்று நிற்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்குள் விற்கலாம், இல்லாவிட்டால் வாடகைக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் இருக்கிறது. அந்தக் காசை எந்தப் பக்கத்தில் போட்டால் விலை ஏறும்? யாழ்ப்பாணத்தில் இதற்குப் பதில் தேடுகிறவர் ஒன்றை முதலில் மனதில் வைக்க வேண்டும். இங்கே விலையைச் சுமப்பது காணி. கட்டடம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. குசினியைப் புதுப்பித்தால் விலை இத்தனை வீதம் கூடும் என்று வெளிநாட்டில் போடும் கணக்குகள் இந்த ஊருக்குப் பொருந்தாது.

நல்லூர், கொக்குவில், கோண்டாவில் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளின் வரிசையைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். "எத்தனை பரப்பு?" "வாகனம் உள்ளுக்குப் போகுமோ?" "தண்ணி எப்பிடி?" "உறுதி தெளிவா இருக்கோ?" (உறுதி என்பது காணியின் உரிமைப் பத்திரம்.) இவ்வளவும் முடிந்த பிறகுதான் அறை எத்தனை, அற்றாச் பாத்றூம் இருக்கிறதா என்ற பேச்சு வரும். நிலத்தில் பதிக்கும் மாபிளின் நிறத்தைக் கேட்டு விலை பேசியவரை நான் இதுவரை காணவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். வாங்குகிறவர் தானாகத் திருத்த முடியாதவை, திருத்தப் பயப்படுபவை எவையோ அவற்றுக்கே முதல் காசு போக வேண்டும். அவர் தன் விருப்பப்படி உடைத்து மாற்றக்கூடியவற்றை அவருக்கே விட்டுவிடலாம். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தவைதான்.

பேச்சுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோண்டாவிலில் நாலு பரப்புக் காணி. ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 2,722 சதுர அடி. எழுபதுகளில் கட்டிய கல்வீடு, ஓட்டுக் கூரை, மூன்று அறை, முன்விறாந்தை, பின்னால் தனிக் குசினி, கோடிப்பக்கம், அதாவது வீட்டின் பின்புறம், மலசலகூடம், ஒரு கிணறு, வீதியிலிருந்து உள்ளே போக எட்டு அடி ஒழுங்கை. சொந்தக்காரர் இருவர்: அண்ணன் ரொறன்ரோவில், தங்கை இங்கே. குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுக்க இப்படியான வீடுகள் இருக்கின்றன.

யார் வாங்குவார்?

இதைத் தீர்மானிக்காமல் ஒரு பை சீமெந்துகூட வாங்கக்கூடாது. இந்த வீட்டுக்கு மூன்று வகை ஆட்கள் வரக்கூடும்.

முதலாவது, இங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர் போன்றவர்கள். இவர்கள் பெரும்பாலும் கடன் எடுத்துத்தான் வாங்குவார்கள். அப்படியென்றால் உண்மையில் உங்கள் வீட்டைப் பரிசோதிப்பது வங்கியின் சட்டத்தரணியும் விலை மதிப்பீட்டாளரும்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். அது இல்லாதவர்கள் தாயின் பெயரிலோ சகோதரரின் பெயரிலோதான் வாங்கப் பார்க்கிறார்கள். ஆகவே வீட்டைப் பார்க்க வருவது பெரும்பாலும் வயதான தாய் தகப்பன், அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களும் அவர்களே. படியில்லாத வாசலும் அறையோடு சேர்ந்த பாத்றூமும் அவர்களுக்குத்தான் தேவை.

மூன்றாவது, வாடகை வருமானத்துக்காக வாங்குகிறவர். பல்கலைக்கழகம், மருத்துவபீடம், போதனா வைத்தியசாலை ஆகியவற்றுக்குக் கிட்ட இருக்கும் காணிகளையே இவர்கள் பெரும்பாலும் தேடுவார்கள். திருநெல்வேலி, கொக்குவில், ஆடியபாதம் வீதிப் பக்கத்துக்கு இது பொருந்தும். அளவெட்டிக்கோ சண்டிலிப்பாய்க்கோ அவ்வளவாகப் பொருந்தாது.

முதல் செலவு உறுதிக்கும் வரைபடத்துக்கும்

வீட்டுத் திருத்தம் என்றால் மேசனையும் பெயின்ற் வாளியையும்தான் நினைக்கிறோம். ஆனால் இந்த ஊரில் விலையை அதிகமாக ஏற்றும் திருத்தம் உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் நடக்கிறது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், விலை பேசி முடித்த பிறகு உறுதியைக் கண்டு பின்வாங்கிய ஆட்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

நம்முடைய காணிகளின் கதையைப் பாருங்கள். பேரனார் காலத்தில் வாய்மொழியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி சீதன உறுதியில் போனது, ஒரு பகுதி பரம்பரைச் சொத்தான முதுசமாக வந்தது. வேலி இருந்த இடம் ஒன்று, வரைபடத்தில் எல்லை இன்னொன்று. பிள்ளைகளில் இருவர் வெளிநாடு, ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்கு. 1995 இடப்பெயர்வில் உறுதிப் பெட்டி தொலைந்தது. கடைசியில் விற்பனைக்கு வருவது பிரிக்காத பங்குக் காணி. அதை வெளியாள் வாங்கத் தயங்குவார், வங்கியும் லேசில் கடன் தராது. பங்காளி ஒருவர் மட்டும் வாங்கக்கூடிய நிலை வரும். வாங்க ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் விலையைச் சொல்வதும் அவர்தான்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைச் சட்டம் இங்கே இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பங்குக் காணியை வெளியாளுக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதற்கான அறிவித்தலைக் கொடுக்காமல் விற்றால் பிறகு வழக்கு வரலாம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருந்து தொடர்பு அறுந்துபோயிருந்தால் நீதிமன்ற அனுமதி எடுக்க வேண்டியிருக்கும், அதற்குக் காலம் பிடிக்கும். வாங்க ஆள் வந்த பிறகு இதையெல்லாம் தொடங்கினால் ஆள் காத்திருக்க மாட்டார்.

ஆகவே முதல் செலவு இப்படிப் போகட்டும். காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து உறுதித் தொடரை எடுங்கள். கடன் கொடுக்கும் வங்கிகள் பொதுவாக 30 ஆண்டுத் தொடர் கேட்கின்றன. நில அளவையாளரைக் கொண்டு புதிய வரைபடம் கீறி எல்லைக்கல் நாட்டுங்கள். பங்காளிகள் இணங்கினால் பிரிவினை உறுதி எழுதுங்கள். அது பிரிவினை வழக்கைவிட எவ்வளவோ மலிவு, எவ்வளவோ வேகம். வெளிநாட்டில் இருப்பவர், தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தைச் சரியாக எழுதி, அந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பட்டும். சபைக்குக் கட்டும் சோலைவரி நிலுவை இருந்தால் கட்டி முடியுங்கள். பின்னாளில் சேர்த்துக் கட்டிய அறைக்குப் பிரதேச சபையின் அனுமதி எடுக்கப்படவில்லையென்றால் அதையும் இப்போதே ஒழுங்குபடுத்துங்கள். அனுமதியில்லாத பகுதியை வங்கி மதிப்பீட்டில் சேர்க்காமல் விடலாம்.

கோண்டாவில் வீட்டுக்கு இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு, வீடு முழுக்க மாபிள் பதிக்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். கூடுகிற விலையோ மாபிளோடு ஒப்பிட முடியாதது.

கூரையா, மாபிளா?

காகித வேலை முடிந்து கையில் மிஞ்சும் காசை வீட்டுக்குள் கொண்டுவருவோம். அதிகம் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாபிள் உடனே கண்ணுக்குத் தெரியும், படம் எடுத்து அனுப்பலாம். கூரைக்குப் போட்ட காசு தெரிவதில்லை. ஆனால் வீடு பார்க்க வருகிறவர் நிலத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பிறகு மேலேதான் பார்ப்பார். சுவரின் மேற்பகுதியில் மண்ணிறக் கறை ஒன்று இருந்தால் போதும், மனதுக்குள் கூரை முழுவதையும் மாற்றும் செலவைக் கூட்டி, அதற்கு மேலேயும் கொஞ்சம் சேர்த்து விலையில் கழித்துவிடுவார். ஒழுக்கு என்பது அளவு தெரியாத செலவு. அளவு தெரியாத செலவுக்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

ஆனபடியால் ஓட்டுக் கூரையை முழுவதும் இறக்கிப் பார்ப்பது நல்லது. உடைந்த ஓடுகளை மாற்றி, கறையான் பிடித்த மரங்களை எடுத்துவிடுங்கள். வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை (பனைமரக் கூரைச் சட்டம்) இருந்தால் அதைக் கழற்றி எறிய வேண்டாம். நல்ல பனை இன்று கிடைப்பது அருமை, ஐம்பது வருடம் தாங்கியது இன்னும் தாங்கும். மேசன்மார் சிலர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சீற் போடச் சொல்வார்கள். அவர்களுக்கு அது சுகமான வேலை. அஸ்பெஸ்ரஸ் சீற் மலிவுதான், ஆனால் அதன் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அதைக் கண்டால் முகம் சுளிப்பார். தகரச் சீற்றின் கீழே சித்திரை வெயிலில் இருக்க முடியாது, சீலிங் அடித்தாலும் பிற்பகல் வெக்கை இறங்கும். இந்த ஊர் வெயிலுக்கு ஓடு இன்னும் நல்ல கூரைதான். அதைத் திருத்தி வைத்திருப்பதுதான் விலைக்கும் நல்லது, இருப்பவருக்கும் நல்லது.

ஓட்டை எடுத்துவிட்டு கொங்கிறீற் சிலாப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: எழுபதுகளின் சுவரும் அத்திவாரமும் அந்தப் பாரத்தை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. தகுதியுள்ள பொறியியலாளர் பார்த்துச் சொல்லாமல் தொடவே கூடாது. தீவகத்திலும் கரையோரத்திலும் இன்னொரு ஆபத்து உண்டு. உவர்த் தண்ணீரில் குழைத்த கொங்கிறீற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கும், சில வருடத்தில் சிலாப்பின் அடிப்பகுதி பொருக்காகக் கழன்று விழும். குழைக்க நல்ல தண்ணீர் பவுசரில் கொண்டுவரும் செலவைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நிலத்தைப் பொறுத்தவரை, பழைய சிவப்புச் சீமெந்து நிலம் வெடிப்பில்லாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். குளிர்ச்சியாக இருக்கும், மினுக்கினால் அழகாகவும் இருக்கும். வெடித்திருந்தால் முன்விறாந்தைக்கும் விருந்தினர் இருக்கும் அறைக்கும் மட்டும் வெளிறிய நிற மாபிள் போடலாம். பாத்றூமுக்கு வழுக்காத வகை கட்டாயம்.

கிணறும் மலக்குழியும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் யாழ்ப்பாணத்துக்கென்றே உள்ள விஷயம் இது.

வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாடு இது. நிலத்தின் கீழே சுண்ணாம்புப் பாறை, அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தேங்கி நிற்கிறது. அந்த நன்னீர் உவர் நீருக்கு மேலே மிதக்கும் ஒரு படை. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் அந்த அளவுக்கு ஏறிவரும். "கிணத்தை ஆழமாக்கினால் தண்ணி கூடும்" என்று சிலர் சொல்வார்கள். பல இடங்களில் அப்படிச் செய்தால் கூடுவது உவர்தான். குழாய்க்கிணறு அடித்து, பலமான மோட்டரில் இழுப்பதும் அப்படித்தான். நல்ல தண்ணிக் கிணறு இருக்கும் காணிக்கு விலை தனி. அந்தக் கிணற்றைக் கெடுத்துக்கொண்டால் எந்த மாபிளும் ஈடு செய்யாது.

இரண்டாவது ஆபத்து மேலேயிருந்து வருகிறது. சுண்ணாம்புப் பாறை அழுக்கை வடிகட்டாது, நேரே உள்ளே விடும். மலக்குழிகளிலிருந்தும் தோட்டத்துப் பசளையிலிருந்தும் நைத்திரேற்று கிணறுகளுக்கு வருவதை ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைக்குழந்தைகளுக்கு அது மிகவும் ஆபத்து. 2014–15 காலத்தில் சுன்னாகம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் வீடு வாங்க எவரும் துணிவதில்லை.

ஆகவே இந்தத் தலைப்பில் காசு போக வேண்டிய முறை: கிணற்றை இறைத்து, அடிச்சேற்றை எடுத்து, கட்டை உயர்த்திப் பூசி, மேலே வலை போடுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை எடுங்கள். நல்ல அறிக்கை ஒன்று, வீடு பார்க்க வருகிறவரின் கையில் கொடுக்கக்கூடிய மிகப் பலமான காகிதம். பழைய மலக்குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதை மூடி, குறைந்தது 50 அடி தள்ளி, அடியும் சுவரும் பூசிய தாங்கியாகக் கட்டுங்கள். அயல் வீட்டுக் கிணற்றிலிருந்தும் அதே தூரம் வேண்டும்.

பங்குக் கிணறு என்றால் உறுதியில் "கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு" என்று எழுதியிருக்கும். அப்படியான காணியில் தனிக் கிணறு வெட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பங்குக் கிணற்றடியில் நடக்கும் சண்டைகளை இந்த ஊரில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

தாழையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. உங்கள் வீதியில் அந்தக் குழாய் நீர் வந்திருந்தால் இணைப்பை எடுத்துவிடுங்கள். செலவு சிறியது. கிணறும் குழாயும் இரண்டும் உள்ள வீடு என்பது வாங்குகிறவருக்குப் பெரிய நிம்மதி. கூரைநீரையும் நினைத்துப் பாருங்கள். இங்கே வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை. 1,000 சதுர அடிக் கூரையில் விழுவது வருடத்துக்கு ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல். கூரை ஓரத்தில் பீலி போட்டு, வடிகட்டி, கிணற்றுக்குப் பக்கத்து ஊறு குழிக்குள் விட்டால் கிணறு பிழைக்கும். பார்க்க வருகிறவர்களில் பத்துப் பேரில் ஒருவர்கூட இதற்காக விலை கூட்டிக் கொடுக்க மாட்டார். ஆனாலும் செய்யுங்கள். தண்ணீர் நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை.

மலக்குழியை இடம் மாற்றும்போதே ஒரு பெரிய அறையோடு பாத்றூம் ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். வீட்டுக்குள் செய்யும் வேலைகளில் விலையை நேரடியாக ஏற்றுவது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். கோடிக்குள் இருட்டில் நடந்துபோகும் மலசலகூடத்தை எந்த வயதானவரும் விரும்பமாட்டார். கொமட், பிடித்து எழும்பக் கம்பி, உள்ளே வழுக்காத நிலம், படியில்லாத கதவு: இவ்வளவும் இருந்தால் போதும். வாங்குகிறவர் இதைத் தானே செய்துகொள்ள மாட்டாரா? செய்யலாம். ஆனால் குழி வெட்டி, பைப் ஓட்டி, சுவர் உடைக்கும் வேலையை வீடு வாங்கிய கையோடு தொடங்க எவருக்கும் மனம் வராது.

மதிலா, ஒழுங்கையா?

கிடுகு வேலியும் பூவரசுக் கதியாலும் இருந்த இடத்தில் உயர்ந்த மதிலும் பெரிய இரும்புக் கேற்றும் எழுப்புவது இப்போதைய வழக்கம். மதில் அவசியம்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு, எல்லைச் சண்டைக்கு முடிவு. ஆனால் எல்லைக்கல் நாட்டாமல் மதில் கட்டக்கூடாது. அரை அடி தவறினாலும் அது நிரந்தரமான சண்டை. ஒன்பது அடி மதில் தேவையில்லை, ஐந்தரை, ஆறு அடி போதும். அதற்கு மேலே ஏற்றும் வரிசைகள் காற்றைத்தான் மறிக்கும். தென்மேல் காற்றான சோழகம் வீசும் பக்கத்தில் உயர்ந்த மதில் எழுப்பிய வீடுகளில் வைகாசி, ஆனியில் போய் இருந்து பாருங்கள்.

அந்தக் காசை எட்டு அடி ஒழுங்கைக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒழுங்கை 100 அடி நீளம். பக்கத்துக் காணிக்காரரிடம் இரண்டு அடி அகலத்தில் ஒரு துண்டை வாங்கினால் அது 200 சதுர அடி. ஒரு பரப்பில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அயலவர் சந்தை விலையைப் போல மூன்று மடங்கு கேட்டாலும், ஒரு பரப்பின் கால்வாசி விலைக்குள் முடிந்துவிடும். அதனால் வாகனம் உள்ளே போகும் பத்து அடிப் பாதை கிடைக்கிறது, நாலு பரப்புக்கும் விலை ஏறுகிறது. கட்டட வாகனமும் அம்புலன்சும் உள்ளே வரும். காணியை இரண்டாகப் பிரித்து விற்கவும் வழி பிறக்கும். நான் அறிந்த எந்த வீட்டுத் திருத்தமும் போட்ட காசுக்கு இந்த அளவு திருப்பித் தந்ததில்லை. ஆனால் அயலவர் சம்மதிக்க வேண்டும். அதற்குத் தரகர் தேவையில்லை, வீட்டுக்குப் போய் முன்விறாந்தையில் இருந்து பேச வேண்டும். வாங்கும் துண்டையும் பாதை உரிமையையும் வரைபடத்தோடு உறுதியில் எழுதிப் பதிவு செய்யுங்கள்.

ஒழுங்கையோடு சேர்த்து வெள்ளத்தையும் பாருங்கள். வீதியை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் மட்டம் உயர்கிறது, நம்முடைய முற்றம் அதே இடத்தில் நிற்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையிலும் 2024 நவம்பர் மழையிலும் தண்ணீர் நின்ற வளவுகளை ஊரே அறியும். நாவாந்துறை, பொம்மைவெளி போன்ற தாழ்ந்த பகுதிகளில் முற்றத்தை மண் போட்டு உயர்த்துவதும் வாய்க்காலைத் திறந்துவிடுவதும் கூரைக்கு அடுத்த இடத்தில் வர வேண்டும்.

மேல்மாடியா, அனெக்ஸா?

கோண்டாவிலில் மேல்மாடி வேண்டாம் என்பது என் தீர்ப்பு. வாங்கப்போவது வயதானவர்கள் என்றால் அவர்கள் மேலே ஏறமாட்டார்கள். பிள்ளைகள் இரண்டு வாரம் வந்து நிற்பதற்காக ஒரு மாடியின் விலையை யாரும் கொடுக்கமாட்டார்கள். காணி விலை மிக உயர்ந்த நகர்ப் பகுதியில், ஒன்றரைப் பரப்பில் நிற்கும் வீட்டுக்கு மட்டும் மாடி பொருந்தும்.

திருநெல்வேலி, கொக்குவில் பக்கமென்றால் பின்வளவில் இரண்டு அறை, சிறு குசினி, பாத்றூமோடு ஓர் அனெக்ஸ் நல்ல தெரிவு. பல்கலைக்கழக மாணவரும் வைத்தியசாலை ஊழியரும் வருடம் முழுவதும் தேடுகிறார்கள். ஆனால் அதற்குத் தனிப் பாதையும் தனி மின்மானியும் வேண்டும், சபையின் அனுமதியும் வேண்டும். குடியிருப்பவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால், விற்கும் நேரத்தில் அவரை எழுப்ப முடியாமல் போகும். அப்போது அனெக்ஸ் விலையை இறக்கும்.

சோலரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் இருந்து அனுபவிக்கப் போகிறீர்கள் என்றால் போடுங்கள், விற்கவென்றால் வேண்டாம். 2016இல் கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய், பிறகு 15.50 என்று இருந்தது. அதன் பிறகு கட்டணங்கள் பலமுறை மாறிவிட்டன. அடுத்த வருட விலையை இன்றே சொல்லி விற்க முடியாது. ஏற்கெனவே போட்டிருந்தால் மின்சார சபையோடுள்ள ஒப்பந்தத்தை வாங்குகிறவரின் பெயருக்கு மாற்றும் வழியை முதலே விசாரித்து வையுங்கள்.

வீட்டுக்குள் குசினிக்குப் பான்ரி அலுமாரி அடிப்பதும் அப்படித்தான். மீன் பொரிக்கவும் மாவறுக்கவும் வெளிக்குசினியைத்தான் எல்லோரும் பாவிக்கிறார்கள். அதைத் துப்புரவாக்கி, புகைக்கூட்டைத் திருத்தி, ஒரு குழாய் கொடுத்தால் போதும்.

மனையடி சாத்திரத்தை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் வாங்குகிறவர் நம்புவார் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். புதிய மலக்குழியை வடகிழக்கான ஈசான மூலையில் வெட்டினால் பாதிப் பேர் கேற்றடியிலேயே திரும்பிவிடுவார்கள். வீதி நேரே வந்து முட்டும் தெருக்குத்து இருக்கும் வீட்டில் கேற்றின் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பது சிறிய செலவு.

நாற்சார் வீடு என்றால்

மேலே சொன்ன கணக்குகளில் ஒரு விலக்கு உண்டு. நடுமுற்றமும் மரத்தூண்களும் உள்ள நாற்சார் வீடு உங்கள் கையில் இருந்தால், தயவுசெய்து இடித்துக் காணியாக விற்க அவசரப்படாதீர்கள். மேற்சொன்ன மூன்று வகை ஆட்களுக்கும் அது வேண்டாத பாரமாகத் தெரியலாம். ஆனால் விருந்தினர் விடுதியாக மாற்ற இப்படியான வீடுகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரயில் 2014இல் மீண்டும் ஓடத் தொடங்கி, பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019இல் வந்த பிறகு அந்தத் தேவை வளர்ந்திருக்கிறது. ஆள் கிடைக்கக் காலம் கூட எடுக்கும், அதற்குப் பொறுமை வேண்டும்.

அதைத் திருத்தும் முறையும் வேறு. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை, ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, இரண்டு மாரிக்குள் பூச்சு உப்பிக் கழன்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த பழைய மேசன்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பது மினக்கேடுதான், ஆனால் வேறு வழியில்லை. முற்றத்தை மூடி மாபிள் போட்டுவிட்டால் பிறகு அது நாற்சார் வீடும் இல்லை, புதுவீடும் இல்லை.

எந்த மாதத்தில்?

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் வருவது ஆடி, ஆவணியில், நல்லூர் கொடியேறும் காலத்தோடு. இருபத்தைந்து நாள் திருவிழாவுக்குள் எத்தனையோ காணிப் பேச்சுகள் நடந்து முடிந்துவிடும். அதற்குள் வீடு தயாராக இருக்க வேண்டும் என்றால் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். உறுதி, வரைபட வேலையை முந்தைய புரட்டாதியிலேயே தொடங்கிவிடலாம், மழை அதைத் தடுக்காது. தை பிறந்ததும் கூரையை இறக்குங்கள், மாசி, பங்குனிக்குள் ஓடு மேலே போய்விட வேண்டும். கிணறு இறைப்பதை வைகாசிக்குப் பிறகு, தண்ணீர் கீழே போயிருக்கும் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழியும் பாத்றூமும் அதோடு சேர்ந்து நடக்கலாம். பெயின்ற் கடைசி. வெள்ளையோ வெளிர் மஞ்சளோ போதும், வளவில் பற்றை வெட்டிக் கூட்டுங்கள். கறுத்தக்கொழும்பான் மாவும் பலாவும் நின்றால் வெட்டாதீர்கள், வீடு பார்க்க வரும் மாமிமார் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அவற்றைத்தான்.

தொலைவிலிருந்து வேலை செய்விப்பவர்கள் மொத்தக் காசையும் ஒரேயடியாக அனுப்ப வேண்டாம். கூரை இறக்கியதும் ஒரு பங்கு, மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, ஓடு ஏறியதும் ஒரு பங்கு என்று பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வீடியோ கேளுங்கள். குழி மூடுமுன் அதன் அடியையும் கம்பி கட்டிய பிறகு கொங்கிறீற் ஊற்றுமுன் அந்தக் கம்பியையும் கட்டாயம் பாருங்கள். மூடிய பிறகு பார்க்க முடியாதவை இவைதான். அந்த வீடியோக்களைத் திகதியோடு சேமித்து வையுங்கள், வாங்குகிறவரின் பொறியியலாளர் கேட்டால் உடனே காட்டலாம்.